ஏழு விசில்

அன்புள்ள அம்மாவுக்கு,

போனில் கேட்க வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ பேசிக்கொண்டிருந்தபோது பின்னால் குக்கர் கத்தியது. "என்னம்மா, கோழியா?" என்றேன். "ஆமாடி, நமக்குத்தான். வேற யாரு வரப்போறா?" என்று கேட்காததற்கும் பதில் சொன்னாய்.

நம் வீட்டில் கோழிக்கு மூன்று விசில்தான். நான்காவது வந்தால், "கறியா இது, கஞ்சியா?" என்று அப்பா தட்டைத் தள்ளிவிடுவார். அன்று நான் ஏழு எண்ணினேன். அப்பாவின் சத்தத்தையே காணோம்.

கோழியை நீ அப்படிக் குழைய விடுவது பல்லில்லாத அந்தக் கல்யாணத் தரகருக்கு மட்டும்தான். போன முறை அவர் சாப்பிட்டுப் போன மறுமாதமே அக்காவுக்குக் கல்யாணம். அவளுக்குக் கடைசியில்தான் சொன்னீர்கள்.

கல்யாணமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை அம்மா. நம் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். ஆறு மாதத்தில் வேலை நிரந்தரமாகிவிடும். அதுவரை யாருக்கும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

அவர் வரவில்லை என்றால், "போடி கிறுக்கி" என்று ஒரு வரி எழுது, போதும். பதில் வராவிட்டால், யாரிடமும் முகம் பார்த்துப் பேசாத உன் மகள் அடுத்த பேருந்தில் வந்து தரகரிடம் நேரிலேயே பேசுவாள்.

இப்படிக்கு,
உன் சின்னவள்