சர்வீஸுக்குப் போட்ட பத்து மார்க்

ஆனையூர், மதுரை
செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் அழகுபாண்டிக்கு அம்மா எழுதிக்கொண்டது. அந்தக் குளிரில் உனக்கும் மருமகள் ரோகிணிக்கும் உடம்புக்கு ஒன்றும் வராமல் நம் கருப்பசாமி பார்த்துக்கொள்ளட்டும். இங்கே நான் நலம் என்றுதான் அடுத்த வரி வர வேண்டும், அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன், அதற்கு முன்னால் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். எதிர்வீட்டு மலையாண்டி அண்ணன் மகள் உங்கள் ஊருக்கே படிக்க வருகிறாள், பருப்புப் பொடியும் மோர் மிளகாயும் கொடுத்துவிடுகிறேன், கூடவே இதையும் வைக்கிறேன். போனில் என்றால் நீ தோசையைத் திருப்பிக்கொண்டே பேசுவாய், நான் ஒன்றைச் சொல்ல வாயெடுக்கும்போதுதான் உன் குக்கர் விசில் அடிக்கும். காகிதம் குறுக்கே பேசாது.

விஷயம் நம்ம காரைப் பற்றி. பதறாதே, எனக்கு ஒன்றும் ஆகவில்லை. போன மாதம் ஒத்தக்கடைப் பக்கம் நீ வண்டி எடுத்த ஷோரூமிலேயே சர்வீஸுக்கு விட்டேன். ஏசியில் உட்காரவைத்து, காப்பி கொடுத்து, மேடம் மேடம் என்று ஒரே உபசாரம். சாயங்காலம் வண்டியைக் கழுவிப் பளபளவென்று கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஏறி உட்கார்ந்தால் பிரேக்குக்குக் கால் எட்டவில்லை, எந்த நெட்டையனோ சீட்டைப் பின்னால் தள்ளிவைத்துவிட்டான். கண்ணாடியில் பார்த்தால் வானம் தெரிகிறது. ஸ்டீயரிங்குக்குக் கீழே மஞ்சள் துணியில் கட்டிவைத்திருந்த கருப்பசாமி கோயில் திருநீற்றுப் பொட்டலத்தைக் காணோம். கேட்டால், கிளீனிங்ல போயிருக்கும் மேடம் என்கிறான் சூப்பர்வைசர் அருண்பாண்டி. மதுரைக்காரன், பேரிலேயே பாண்டி, மஞ்சள் துணியில் முடிந்து வைத்தது என்னவென்று அவனுக்குத் தெரியாதா? நல்லா நாலு கேள்வி கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன். நட்டு முடுக்கியாச்சு, காற்று பார்த்தாச்சு என்று ஒரு தாளில் வரிசையாக டிக் போட்டுக் கையில் கொடுத்தார்கள். கணக்கைப் போட்டே பார்க்காமல் விடையை மட்டும் எழுதிவைக்கிற பிள்ளைகள் என் வகுப்பிலும் இருந்தார்கள், அந்த டிக்கைப் பார்த்ததும் எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அந்த வாரமே கொட்டாம்பட்டியில் உன் மலையம்மாள் சித்தி பேரனுக்குக் காதுகுத்து. காரில்தான் போனேன். மேலூர் தாண்டி நாலுவழிச் சாலையில் ஏறினதும் ஸ்டீயரிங் கையில் உதறுகிறது, முன்பக்கம் இடது சக்கரத்தில் டக்கு டக்கென்று சத்தம். ரோடு சரியில்லை போல என்று நினைத்து இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டினேன். பிறகு ஒரு டீக்கடை ஓரமாக நிறுத்தினேன். அங்கே நின்ற லாரி டிரைவர் ஒருவர் வந்து, காதுகுத்துக்குப் போகிறேன் என்று நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டே குனிந்து பார்த்துவிட்டு, யாத்தே, நட்டு அம்புட்டும் கையாலயே சுத்த வருது, இன்னும் கொஞ்சம் போயிருந்தா உங்களுக்கு முன்னாடி சக்கரம் காதுகுத்துக்குப் போயிருக்கும்மா என்றார். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவைத்தேன். அவரே முடுக்கிவிட்டு டீயும் வாங்கிக் கொடுத்தார். சித்தி வீட்டில் ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால், ஒத்தைப் பொம்பளைக்குக் காரு எதுக்கு என்று ஆரம்பிப்பார்கள், அது உன் காதுக்கு வரும், நீ வித்துரும்மா என்பாய். உன் அப்பா போன பிறகு நானாகக் கற்றுக்கொண்டது இந்த ஒன்றைத்தான், இதை நான் விட மாட்டேன்.

மறுநாள் காலையில் ஷோரூமிலிருந்து போன். வணக்கம்மா, கஸ்டமர் கேர்லருந்து அஸ்வினி பேசுறேன், நம்ம சர்வீஸுக்குப் பத்துக்கு எத்தனை மார்க் குடுப்பீங்க என்று ஒரு பிள்ளை கேட்கிறாள். மார்க்கை யாரிடம் வந்து கேட்கிறாள் பார். என் வகுப்பிலேயே படித்த உனக்கே நான் நூறு போட்டதில்லை, அடித்தல் திருத்தல் என்று இரண்டாவது குறைத்துத்தான் விட்டிருக்கிறேன். மூன்று என்றேன். பிறகு திருநீற்றுப் பொட்டலத்தில் ஆரம்பித்து வீல் நட்டு வரைக்கும் வண்டி வண்டியாகத் திட்டித் தீர்த்தேன். அவள் ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. நான் முடித்ததும், நீங்க நல்லபடியா வந்தீங்களேம்மா, அது போதும், அம்புட்டுப் பதட்டத்துல காதுகுத்து வீட்டுல ஒழுங்காச் சாப்பிட்டீங்களா இல்லையா என்று கேட்டாள். இல்லை என்றேன், நான் அன்றைக்கு உண்மையிலேயே சாப்பிடவில்லை.

அன்றைக்கே ஆட்கள் வந்து வண்டியை எடுத்துப் போய் நாலு சக்கரத்தையும் சரிபார்த்து, மன்னிப்பும் கேட்டுத் திருப்பிக் கொண்டுவந்து விட்டார்கள். மறுநாள் அவள் மறுபடி கூப்பிட்டாள். அவர்கள் கணக்கில் எட்டும் ஒன்பதும்கூட பெயில்தானாம், பத்துப் போட்டால்தான் புகாரை மூட முடியுமாம், மூடுகிற வரைக்கும் அவள் தினமும் கூப்பிட்டு விசாரிக்க வேண்டுமாம். இதைக் கேட்டதும் உன் அம்மா என்ன செய்தாள் தெரியுமா? வைப்பர் கீச்சுக் கீச்சென்று கத்துகிறது என்றேன். கொளுத்துகிற வெயிலில், ஒரு பொட்டு மழை இல்லாத மாதத்தில். அந்தப் பிள்ளை அதையும் எழுதிக்கொண்டாள். அதற்கடுத்த நாள் ஏசியில் ஏதோ வாடை என்றேன். பிறகு பின்கதவு சரியாகச் சாத்த மாட்டேன் என்கிறது என்றேன். சிரிக்காதே. காலையில் குளித்து, விளக்கேற்றி, இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன், இன்றைக்கு வண்டிக்கு என்ன சீக்கு சொல்லலாம் என்று யோசித்தபடி. வண்டிப் பேச்சு கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். அப்புறம் என்ன குழம்பும்மா என்பாள், கத்திரிக்காயில் புளியைக் குறைத்துவிட்டு மாங்காய் போட்டுப் பார் என்பேன். அவள் பேர் அஸ்வினியே இல்லையாம், ஒச்சாயியாம், செக்கானூரணிப் பக்கம் ஊராம், ஆபீஸில் போனுக்கு வேறு பேர் வைத்துக்கொள்ளச் சொன்னார்களாம். அதையும் என்னிடம் மட்டும் சொன்னாள். நான் ஒச்சாயி என்றே கூப்பிட்டேன், அதில் அவளுக்கு ஒரு சிரிப்பு.

போன சனிக்கிழமை அருண்பாண்டி அவனே வீட்டுக்கு வந்தான். வைப்பர், ஏசி, கதவு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தான், முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலில் நின்றான். மேடம், வண்டியில ஒண்ணும் இல்ல, உங்களுக்கே தெரியும். நாங்க பண்ணது பெரிய தப்பு, அதுக்கு என்னையக் கேளுங்க, ஆனா உங்க புகாரு மூடலேன்னு தினம் காலையில மீட்டிங்ல எல்லாத்துக்கும் முன்னாடி அந்தப் புள்ளையத்தான் நிக்க வைக்கிறாங்க என்றான். சட்டைப் பையிலிருந்து மஞ்சள் துணியில் கட்டின ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினான், அழகர்கோவில் போய்ப் பதினெட்டாம்படிக் கருப்பிடம் வைத்து வாங்கி வந்தானாம். எனக்குச் சுருக்கென்றது. ஒரு பிள்ளையை எல்லார் முன்னாலும் நிற்கவைத்துவிட்டு நான் இங்கே கத்திரிக்காய்க் குழம்பு பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். அவன் எதிரிலேயே போன் போட்டுப் பத்து என்று சொல்லிவிட்டேன். வாழ்க்கையில் நான் போட்ட முதல் முழு மார்க். ரொம்ப தேங்க்ஸ்மா, நேரத்துக்குச் சாப்பிடுங்க, வைக்கட்டுமாம்மா என்றாள் ஒச்சாயி. வை என்றேன்.

அன்றிலிருந்து போன் வரவில்லை. எப்படி வரும், புகார்தான் மூடியாச்சே. நேற்றுக் காலையிலும் பழக்கதோஷத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மணி அடித்தது, ஆசையாக எடுத்தால் லோன் வேண்டுமா என்று ஒரு மெஷின் குரல், அதுகூட நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டது. வீடு அம்புட்டு அமைதி அழகு. மிக்ஸியைப் போட்டால்தான் ஏதோ ஆள் இருக்கிற மாதிரி இருக்கிறது. அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் நீ எப்படிம்மா இருக்கே என்று கேட்பாய், நானும் நல்லா இருக்கேன்யா, ஒரு குறையும் இல்லை என்பேன், நீயும் நிம்மதியாகப் போனை வைத்துவிடுவாய். உன்மேல் என்ன தப்பு? ஒவ்வொரு வாரமும் நானேதான் பத்துப் போட்டு மூடிவிடுகிறேன். முன்பின் தெரியாத பிள்ளைக்கு மூன்று போடத் தெரிந்தவளுக்குப் பெற்ற பிள்ளைக்குப் போடத் தைரியம் இல்லை.

இப்போது போடுகிறேன். உனக்கு ஆறு. வருத்தப்படாதே, பெயில்தான், ஆனால் புகார் மூடவில்லை என்று அர்த்தம், நீ தினமும் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். அடுப்பை அணைத்துவிட்டுக் கூப்பிடு. வண்டி எப்படி ஓடுது என்று கேள், சாப்பிட்டியா என்று கேள், நான் இந்தத் தடவை உண்மையைச் சொல்கிறேன்.

ரோகிணியை வெந்நீர் குடிக்கச் சொல். மோர் மிளகாயை டப்பாவில் போட்டு மூடிவை, நமத்துப்போகும். அங்கே நீ வண்டியை சர்வீஸ் விட்டு எடுத்தால் அவர்கள் டிக்கை நம்பாதே, நட்டை ஒரு தரம் நீயே முடுக்கிப் பார். கருப்பசாமி புண்ணியத்தில் நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடு, குறைவில்லாமல் நன்றாக இருக்க வேண்டும்.

நான் நலம் என்று கடைசிக்கு வைத்த வரியை இன்னும் எழுதாமலே முடிக்கிற
உன் அம்மா
சோலையம்மாள்