இரண்டாவது பிடி அரிசி

இன்று காலை ஜெப அறைக்கு வெள்ளையடிக்க ஆள் வந்திருந்தான். வாளியில் சுண்ணாம்புக் கல்லைப் போட்டுத் தண்ணீர் ஊற்றியதும் அது கொதித்து, காந்தல் வாடை மூக்கில் ஏறியது. அரிசி களைந்துகொண்டிருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது. நீதான் வாசலில் வந்து நிற்கிறாய் என்று நினைத்துவிட்டேன். தோல் பதனிடும் ஷாப்பிலிருந்து வந்து எத்தனை தரம் குளித்தாலும் உன்னைவிட்டுப் போகாத வாடை அது. நீ கண்ணை மூடி இது மூன்றாவது கிறிஸ்துமஸ். உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றை இன்றாவது எழுதிவிடுகிறேன்.

ஊர்ச் சபையார் என்னையும் உபதேசியாரான என் கணவரையும் பம்பாய்க்கு மிஷனரிகளாக அனுப்பியதை உனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். கப்பலேறிப் போகிறவர்களைப் போல ஸ்டேஷனில் எங்களைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். "அந்த அந்நிய தேசத்துல என்னத்தத் திம்பீக?" என்று ஒரு கிழவி முறுக்கு மூட்டையைக் கொடுத்தாள். தாராவியில் வந்து இறங்கினால் நாலு சந்திலும் நம்ம திருநெல்வேலிப் பேச்சு! குழாயடியில் முதல் நாளே குடத்தை நகர்த்திவிட்டு நீ கேட்டாயே, "எந்த ஊர் மிஷனரி அக்கா நீங்க? எங்களப் பாத்தா காட்டுமிராண்டி மாதிரி இருக்கா?" அன்று நான் சிரித்த சிரிப்பில் குடம் வழிந்தது.

நீயும் எங்களை அனுப்பிய சபைப் பிள்ளைதான், பக்கத்து ஊர்க்காரி. அம்மா சொல்லைத் தட்டி வேறு ஜில்லாக்காரரைக் கட்டிக்கொண்டு பம்பாய்க்கு வந்தவள். "கண்ணத் தொடச்சிக்கிட்டுத்தான் எம் வாசல்ல வந்து நிப்பே" என்று அம்மா சொன்ன ஒரு சொல் உனக்குள் முள்ளாகக் கிடந்தது. இரண்டு வருஷத்தில் உன் வீட்டுக்காரர் காய்ச்சலில் போய்விட்டார். தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலை எடுத்து மயிர் வழிக்கும் வேலைக்கு நீ போனாய். உன் ஊர்க்காரர் ஒருவரும் இங்கே இல்லாததால் அவர் போனது ஊரில் உன் அம்மாவுக்குத் தெரியாது.

சுண்ணாம்பில் வெந்த விரலால் பென்சில் பிடிக்க முடியாமல், அம்மாவுக்குக் கடிதம் எழுத என்னிடம் வந்தாய். "நீங்க எழுதுங்க அக்கா. அவுக சுகமா இருக்காக, தினம் வேலைக்குப் போறாக. எனக்கு வீட்டு வேலையில கை ஒழியல, அதனால பக்கத்து வீட்டு உபதேசியாரம்மா எழுதித் தாராகன்னு போடுங்க." பொய்சாட்சி சொல்லாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற நான், நீ சொன்னபடியே எழுதினேன். உன் முகத்தைப் பார்த்தபிறகு வேறு எப்படி எழுத?

அதே மேசையில்தான் ஊர்ச் சபைக்கும் மாதக் கடிதம் எழுதுவேன், அதைக் கோயிலில் எல்லாருக்கும் வாசிப்பார்கள். என் கணவருக்குப் பிரசங்கம் வரும், எழுத்து வராது. அங்கே பெண்கள் ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து ஜெபத்தோடு தனிக் கலயத்தில் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அதைக் கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். அந்தப் பிடியரிசியை விற்று அனுப்பும் பணத்தில்தான் எங்கள் அடுப்பு எரிந்தது. கடிதம் உருக்கமாக இருந்தால் கலயம் நிறையும் என்பது எனக்குத் தெரியும். யுத்த காலம், ரேஷன் அரிசியில் பாதி கல். ஊரில் கலயங்கள் வற்றிப் போனதாகச் செய்தி வந்தது.

அந்த மாதம் உன்னை எழுதினேன். பெயர் போடவில்லை. 'கணவனை இழந்த ஒரு சகோதரி' என்றுதான் ஆரம்பித்தேன். ஆனால் படிக்கிறவர்கள் அழவேண்டுமே என்று, 'அவளுக்குத் தேவன் இடது கையில் ஆறு விரல் கொடுத்தார், அந்த ஆறாவது விரலும் சுண்ணாம்பில் வெந்துபோயிற்று' என்று ஒரு வரி சேர்த்தேன். நன்றாக வந்திருக்கிறது என்று எனக்குள் மெச்சிக்கொண்டேன். அந்நிய தேசத்து ஜனங்களைப் பற்றி எழுதுவதாகவே நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, அந்த ஜனங்களின் தாய்மார் அங்கே கோயில் பாயில் உட்கார்ந்து கேட்பார்கள் என்று தோன்றவே இல்லை.

மூன்று வாரத்தில் என் பெயருக்குப் பென்சிலில் எழுதிய ஒரு கடிதம் வந்தது. உன் அம்மா எழுதியது.

"உபதேசியாரம்மா, அது எம் மகதான். எனக்குத் தெரிஞ்சிட்டுன்னு அவகிட்டச் சொல்லிராதிங்க. நாஞ் சொன்ன சொல்லு பலிச்சிட்டேன்னு வெக்கப்பட்டு எழுத்தையும் நிப்பாட்டிருவா. அவ சொல்லுற மாதிரியே எழுதுங்க. நான் இப்ப ஒரு பிடிக்கு ரெண்டு பிடியாப் போடுதேன். ரெண்டாவது பிடி அவளுக்கு."

அதற்குப் பிறகு உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நான் இருந்த இருப்பை என்ன சொல்ல? 'மாப்பிள்ளைக்கு இருமல் நின்னுட்டா?' என்று அம்மா கேட்டு எழுதுவாள். நீ என் பக்கத்தில் உட்கார்ந்து, போய்ச் சேர்ந்த மனிதருக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்த கதையைச் சொல்லுவாய். நான் எழுதுவேன். ஊரிலிருந்து பிடியரிசிப் பணம் வந்த மாதமெல்லாம் உனக்கு ஒரு படி அரிசி அளந்தேன். "எதுக்கு அக்கா எனக்கு மட்டும்?" என்பாய். "சபை ஏற்பாடு" என்பேன்.

அம்மா படுக்கையில் விழுந்த செய்தி வந்தபோது நீ சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாய். "போயிட்டு வா, நான் டிக்கெட் எடுத்துத் தாரேன்" என்றேன். "வெறுங்கழுத்தோட எப்படி அக்கா போவேன்? சாகப்போற நேரத்துல அவள நான் கொல்லவா?" என்றாய். அன்று ஒரு வார்த்தை, 'அம்மாவுக்கு எல்லாம் தெரியும்' என்ற ஒரே வார்த்தை, நான் சொல்லியிருந்தால் நீ அன்றைக்கே தாதர் ஸ்டேஷனில் ரயிலேறியிருப்பாய்.

சொல்லவில்லை. அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு என்று வெகுநாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய். அவளுக்கு எப்படித் தெரியும் என்று நீ கேட்பாய், உன் விரலை நான் கோயிலில் வாசிக்கக் கொடுத்தது வெளிவரும் என்று பயந்தேன். அவ்வளவுதான்.

அம்மா இறந்த தந்தி வந்தபோது என் மடியில் கிடந்து அழுதுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு நீ சொன்னாய்: "நல்லவேளை அக்கா, எங்கம்மா ஒண்ணுந் தெரியாமலே நிம்மதியாப் போயிட்டா." நான் உன் தலையைத் தடவிக்கொண்டே இருந்தேன். மறு வருஷம் நீயும் அதே நிம்மதியோடு போய்விட்டாய். மன்னித்துக்கொள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டாலும் நீ "விடுங்க அக்கா" என்றுதான் சொல்லுவாய். அது தெரிந்துதான் இன்னும் வலிக்கிறது.

இப்போதும் மாதக் கடிதம் எழுதுகிறேன். யாருடைய கையையும் முகத்தையும் எழுதுவதில்லை. கடிதம் சப்பென்று இருக்கிறது என்று சபைச் செயலாளர் குறைப்படுகிறார், படட்டும்.

வெள்ளையடிக்கிறவன் வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனபிறகு மறுபடி அரிசிப் பானைக்கு வந்தேன். ஒரு பிடி எடுத்து ஊழியக் கலயத்தில் போட்டேன். இன்னொரு பிடியும் எடுத்தேன். என் மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒரு பிடிதானம்மா? தினமும் மறந்து ரெண்டு போடுதீங்களே" என்றாள்.

"மறக்கலட்டி" என்றேன். ரெண்டாவது பிடி யாருக்கென்று அவளிடமும் இன்னும் சொல்லவில்லை.