கடுகு தாளித்ததால் செல்வி சாகவில்லை

என்னைப் பெத்த மகராசிக்கு,

வளவனூருக்கு வாழ்க்கைப்பட்ட உன் மூத்தவள் எழுதுகிறேன். உன் பேரன் பிழைத்துக்கொண்டான். முதல் செய்தி அதுதான். அடுத்த செய்தியைக் கேட்டால் நீ எங்கே இருந்தாலும் எழுந்து உட்காருவாய்.

போன மாதம் அவனுக்கு மணல்வாரி அம்மை போட்டிருந்தது. வாசலில் வேப்பிலை சொருகினோம், அடுப்பில் தாளிப்பை நிறுத்தினோம், வெளியாள் யாரையும் விடவில்லை. அதையெல்லாம் நான் குறை சொல்லவில்லை. தடிப்பு மங்கி, பிள்ளை கூழ்கூடக் கேட்டுக் குடித்தான். அப்புறம்தான் உடம்பு மறுபடி அனலாகக் கொதித்தது. எதைக் கொடுத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு முனகினான்.

சட்டையைக் கழற்றிப் பார்த்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது, மூக்கு விடைத்தது. நம் செல்வி கடைசியாக இப்படித்தானே மூச்சு வாங்கினாள்? தங்கச்சி பக்கத்தில் படுத்துக்கொண்டு நான் பார்த்தேனே, அம்மா.

என் நாத்தனார் வாசலை மறித்து நின்றார். "தலைக்குத் தண்ணி ஊத்தாத புள்ளைய எங்கடி தூக்கிக்கினு போற? ஆத்தா இன்னும் வூட்லதான் இருக்கா. இது அவளோட சூடு. ஊசி கீசி போட்டா கோவிச்சுக்குவா."

"கோவிச்சுக்கட்டும் அண்ணி. எங்கிட்ட வரச் சொல்லுங்க, நான் பேசிக்கிறேன்."

அப்படிச் சொன்னது நானா என்று எனக்கே இன்னும் சந்தேகம்தான். பிள்ளையோடு விழுப்புரம் பஸ்ஸில் ஏறிவிட்டேன். உன் மருமகப்பிள்ளை செருப்புகூடப் போடாமல் ஓடிவந்து தொற்றிக்கொண்டார். "இன்னா காரியம் பண்ற நீ?" என்றாரே தவிர, இறங்கு என்று சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். "அம்மை வாடிடுச்சும்மா. இது நிமோனியா, நுரையீரல்ல வர்றது. அம்மைக்குப் பின்னாடி புள்ளைங்களுக்கு இப்படி வரும். மூச்சைப் பார்த்து ஜல்தியா தூக்கிக்கினு வந்தியே, நல்லதாப் போச்சு" என்று ஊசி போட்டார்.

நான் விடவில்லை. "வூட்ல கடுகு தாளிச்சா இது வருமாங்க?" என்று கேட்டேன்.

பக்கத்திலிருந்த நர்ஸ் சிரித்துவிட்டாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. "யாரு தாளிச்சது?" என்றார்.

"எங்கம்மா."

"அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லம்மா. அவங்ககிட்ட சொல்லு."

சொல்லத்தான் இந்தக் கடிதம். செல்விக்கு அம்மை போட்டிருந்தபோது அப்பாவுக்கு வாய்க்கு ருசியாக ரசம் தாளித்தாய், அவ்வளவுதான். அந்த வாசனைக்குக் கோபித்துக்கொண்டு ஆத்தா செல்வியைக் கொண்டுபோனாள் என்று நம் ஊர் பெருமுக்கல் முழுக்கப் பேசினார்கள். நீயும் நம்பினாயே! சாகிறவரைக்கும் மாரியம்மன் கோயில் வாசலோடு நின்று கும்பிட்டாயே தவிர, ஒருநாளாவது உள்ளே காலெடுத்து வைத்தாயா? நெஞ்சு எரிகிறது அம்மா.

ஆடியில் கூழ் ஊற்றும்போது ஊருக்கு வருகிறேன். உன்னைப் பழித்த வாய்கள் எல்லாம் அங்கே இருக்கும், இருக்கட்டும். பிள்ளையோடு வருகிற ஒவ்வொருத்தியிடமும் சொல்வேன்: அம்மை வாடின பிறகு காய்ச்சல் திரும்பினால், மூச்சுக்கு விலா உள்ளே இழுத்தால், யாரையும் கேட்காதே, தூக்கிக்கொண்டு ஓடு.

பிறகு உன் பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு கோயிலுக்குள்ளேயே போவேன். ஆத்தா முகத்துக்கு நேராக நின்று, ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்வேன்: "எங்கம்மா ஒரு தப்பும் பண்ணல. உனக்கும் அது தெரியும்."

இப்படிக்கு,
நீ தலைகுனிந்து நின்ற இடத்தில் நிமிர்ந்து நிற்கப்போகிற,
செல்வியின் அக்கா