ஏழே முக்காலும் ஒரு பத்தும்

அடியே, உன் திண்டு கிடைத்துவிட்டது.

பழைய காரைக் கொடுத்துவிடலாம் என்று டிக்கியைக் காலி செய்துகொண்டிருந்தேன். பனி வழிக்கிற பிரஷ், காலாவதியான கூப்பன்கள், ஒற்றைக் கையுறை, எல்லாவற்றுக்கும் அடியில் ஸ்டெப்னியோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. உன் நீலச் சுங்குடிச் சேலையை வெட்டி, உள்ளே பழைய ஸ்வெட்டரைத் திணித்து நீ தைத்தது. ஸ்கூல் ஜிம்களில் அந்த மரப்படிகளில் ஒரு மேட்ச் முழுக்க உட்கார்ந்தால் இடுப்பு கழன்றுவிடும் என்று உனக்கொன்றும் எனக்கொன்றும் தைத்தாய். என்னுடையது எப்போதோ தொலைந்துபோனது. உன்னுடையதை மூக்கில் வைத்துப் பார்த்தேன். பாப்கார்ன் வெண்ணெய், தரைக்குப் போடுகிற பாலிஷ், நனைந்த கோட்டு. மாதாவே, ஒரு ஜிம்மே அதற்குள் இருந்தது! என் வீட்டுக்காரர் வந்து, "என்ன ஜெசி, டிக்கிக்குள்ள தலைய விட்டு அழுதுட்டிருக்க?" என்றார். "ஆமா, அழுதேன். அதுக்கு என்ன இப்ப? அங்கிட்டுப் போங்க" என்றேன். பாவம், போய்விட்டார்.

நீ போன பிறகு வருகிற இரண்டாவது குளிர்காலம் இது. 2009 முடியப்போகிறது. நான் மான்மவுத் ஜங்ஷனில் சொந்த வீட்டில் இருக்கிறேன். கிரீன் கார்டு வந்துவிட்டது. நீ இருந்திருந்தால் உனக்கும் வந்திருக்கும்.

வெஸ்ட் வின்ட்சர் அபார்ட்மென்டில் நீ கீழ் வீடு, நான் மேல் வீடு. இரண்டு பேருக்குமே வேலை பார்க்கக்கூடாத விசா. கோயம்புத்தூரில் யுனிவர்சிட்டி டீமில் பாஸ்கட்பால் ஆடியவள், பிறகு கல்லூரியில் கணக்கு லெக்சரர், இங்கே வந்து பகலெல்லாம் புளிக்காய்ச்சல் கிளறிக்கொண்டிருந்தாய். ஒருநாள் பார்க்கில் உன் மகளை ஊஞ்சலில் ஆட்டிக்கொண்டே, பக்கத்து கோர்ட்டில் ஆடிய பெண்களைப் பார்த்து "எல்போ! எல்போவ உள்ள வை!" என்று கத்தினாய் பார், எல்லாம் அதில்தான் தொடங்கியது. அங்கே நின்றுகொண்டிருந்த வெள்ளைக்காரத் தாத்தா திரும்பிப் பார்த்தார். அவர்தான் பாப். ரிட்டையரான கோச். நியூ ஜெர்சி ஹைஸ்கூல்களில் நன்றாக ஆடும் பெண்களைத் தேடிப் பார்த்து, மதிப்பிட்டு, சீசனுக்கு ஒரு புத்தகம் போட்டுக் கல்லூரி கோச்சுகளுக்கு அனுப்புகிறவர். யாருக்கு ஸ்காலர்ஷிப் கொடுக்கலாம் என்று தேடுகிற கோச்சுகள் முதலில் புரட்டுவது அதைத்தான். மாநிலத்தின் வடக்குப் பக்கத்தைப் பார்க்க அவருக்கு ஒரு ஆள் இருந்தார். தெற்கே யாரும் இல்லை. சம்பளம் தர முடியாதே என்று அவர் கூச்சப்பட்டார். சம்பளம் வாங்கினால்தான் நமக்கு வம்பு என்பது அவருக்கு எங்கே தெரியும்!

"எனக்கு டிரைவிங் வராது. நீ வண்டிய ஓட்டு கண்ணு, நான் பாக்கறேன்" என்றாய். அப்படித்தான் தூத்துக்குடிக்காரி நான், பாஸ்கட்பாலுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாதவள், ரூட் ஒன் ஹைவேயில் உனக்கு டிரைவர் ஆனேன்.

நான் பந்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். நீ முழங்கையால் இடிப்பாய். "பந்த எதுக்குப் பாக்கற? அது எங்கயும் ஓடிடாது. பந்து கையில இல்லாதவ என்ன பண்றான்னு பாரு." ஒருத்தி கூடை தவறவிட்டால், தவறவிட்ட அடுத்த நொடி அவள் முகத்தைப் பார்ப்பாய். உட்காரவைத்துவிட்டால் பெஞ்சில் எப்படி இருக்கிறாள் என்று பார்ப்பாய். வீட்டுக்கு வந்து போனில் பாபிடம் ஒப்பிப்பாய். அவர் அதைத் தன் பாணியில் எழுதிக்கொள்வார், மார்க்கையும் அவரே போட்டுக்கொள்வார். இரண்டு சீசன் அப்படியே ஓடியது; புத்தகம் கோச்சுகளுக்குத்தான் போகும், நாம் அதைப் பிரித்துப் பார்த்ததே இல்லை.

எனக்கும் மார்க் உண்டு. வாசலில் காரை நிறுத்தியதும் "எத்தனைட்டி?" என்று கேட்பேன். "ரூட் ஒன்னுல அந்த லேன் மாத்துனதுக்கு ஒண்ணரை கொறைச்சாச்சு. அஞ்சரை" என்பாய். என் மீன்குழம்புக்கு ஆறு வாங்கிய அன்று நான் எங்கம்மாவுக்கே போன் போட்டுச் சொன்னேன். "ஏன், பத்து போட்டா உன் சொத்தா கொறஞ்சிரும்?" என்று ஒருநாள் பாய்ந்தேன். உன் கல்லூரியில் பேப்பர் திருத்தும் கேம்ப்பில் உட்கார்ந்த கதையைச் சொன்னாய். அறுபது வந்தால் ஃபர்ஸ்ட் கிளாஸ், எழுபத்தைந்து டிஸ்டிங்ஷன். அதற்கு மேலே பேனா போகாது. "முழு மார்க் போட்டா அதோட படிப்ப நிறுத்திருவாங்கன்னு எங்க ஹெச்.ஓ.டி. சொல்லுவாரு" என்றாய். நானும் அந்த மார்க்கில் வளர்ந்தவள்தானே, எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

மோனிக்கை முதலில் பார்த்த நாள் உனக்கு நினைவிருக்கும். டிரென்டனில், ஹீட்டர் சரியாக வேலை செய்யாத ஒரு ஜிம். நெட்டையாக, சத்தமே இல்லாத பெண். அன்றைக்கு அவள் போட்ட பாயிண்டும் அப்படியொன்றும் அதிகமில்லை. ஆனால் கூட ஆடுகிறவள் எங்கே வரப்போகிறாள் என்று அவளுக்கே தெரியும்முன் இவள் பந்து அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். அதுவும் இடது கையால். நீ என் மணிக்கட்டைப் பிடித்தவள் ஆட்டம் முடியும்வரை விடவில்லை. "ஏம்புள்ள, இவ வேற" என்றாய்.

அவளுடைய அம்மா நர்ஸிங் ஹோமில் ஷிப்டு வேலை. கோடைக் காலத்தில் மற்றப் பெண்கள் கிளப் டீமில் ஊர் ஊராகப் போய் கோச்சுகள் கண்ணில் படுவார்கள். மோனிக்கைக் கூட்டிக்கொண்டு போக ஆள் இல்லை. ஆகவே பாபின் புத்தகத்தை விட்டால் அவளுக்கு வேறு வழி கிடையாது. அவள் ஆசைப்பட்ட ஒரு பெரிய யுனிவர்சிட்டி, கடைசி ஸ்காலர்ஷிப்புக்கு இவளையும் வடக்கே ஒரு பெண்ணையும் யோசித்துக்கொண்டிருக்கிறது என்று பேச்சு இருந்தது.

அந்த வருஷம் பார்த்து பாபுக்கு இடுப்பு ஆப்பரேஷன். "நீயே எழுதி, மார்க்கும் போட்டு அச்சுக்கு அனுப்பிவிடு" என்று ஆஸ்பத்திரியிலிருந்து சொல்லிவிட்டார். என் வீட்டு டைனிங் டேபிளில் உட்கார்ந்து எழுதினாய். எல்லாருக்கும் ஐந்து, ஐந்தரை, மிஞ்சினால் ஆறேகால். மோனிக்குக்கு ஏழே முக்கால். "டிஸ்டிங்ஷனுக்கும் மேலயா! என்னட்டி, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றேன். நீ வெட்கப்பட்டுச் சிரித்தாய். அதுவரை நீ போட்ட பெரிய மார்க் அதுதான். இரண்டு பேரும் காபி போட்டுக் கொண்டாடினோம்.

புத்தகம் போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில், ஒரு மேட்ச் முடிந்ததும் மோனிக்கின் ஸ்கூல் கோச் அம்மாள் நேராக நம்மிடம் வந்தாள். "என் பெண்மேல் உங்களுக்கு என்ன கோபம்?" என்று கேட்டாள். கோபமா? உனக்கு ஒன்றுமே புரியவில்லை. அவளே புத்தகத்தைப் பிரித்துக் காட்டினாள். வடக்குப் பக்கத்துப் பெண்களுக்கெல்லாம் ஒன்பது, ஒன்பதரை. அவள் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை: இந்த ஊரில் ஏழே முக்கால் என்றால் பெஞ்சில் உட்காருகிற பெண் என்று அர்த்தம்.

எனக்கு வந்ததே கோபம்! "அங்க ஒம்பது ஒம்பதுன்னு அள்ளி விட்டா அதுக்கு நாங்க என்ன செய்ய?" என்று அரைத் தமிழிலும் அரை இங்கிலீஷிலும் கத்தினேன். நீ என் முந்தானையைப் பிடிப்பதுபோல என் கோட்டைப் பிடித்து இழுத்தாய். "விடு ஜெசி. அவங்க சொல்றது சரிதான்." அறுபது வந்தால் ஃபர்ஸ்ட் கிளாஸ் என்று அந்த அம்மாளிடம் விளக்க வாயெடுத்தாய். பாதியிலேயே நிறுத்திக்கொண்டாய். அன்றைக்கு வாசலில் நான் மார்க் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை.

மறுநாளே ஒவ்வொரு கல்லூரிக்கும் போன் போட்டாய். பாப் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்று திருத்தச் சீட்டு அடித்து அனுப்பினார். அந்தப் பெரிய யுனிவர்சிட்டி கோச் மரியாதையாகத்தான் பேசினார். கடைசி இடத்தை வடக்குப் பெண்ணுக்குக் கொடுத்தாகிவிட்டது, முன்பே தெரிந்திருந்தால் ஒரு தடவை நேரில் வந்து பார்த்திருப்பேன் என்றார். போனை வைத்துவிட்டு நீ சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாய்.

மன்னிப்புக் கேட்கப் போகும்போதுகூட வெறுங்கையோடு எப்படிப் போவது என்று மைசூர்பாகு செய்து எடுத்துக்கொண்டாய். மோனிக்கின் அம்மா யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தாள். நீ சுற்றி வளைக்கவில்லை. எங்கள் ஊர்க் கணக்கில் மார்க் போட்டுவிட்டேன், அங்கே பத்து போடும் வழக்கமில்லை, என் தப்பு என்றாய். நான் பார்த்ததிலேயே நீதான் உசத்தி என்றாய், அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து. அந்த அம்மா, "இதை அந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கலாமே" என்றாள். மோனிக்தான் கேட்டாள்: "அப்போ உங்க ஊரில் பத்து யாருக்கு, மிஸ்?"

"யாருக்கும் இல்லை" என்றாய்.

"யாருக்கும் இல்லைன்னா அது எதுக்கு இருக்கு?"

நீ மைசூர்பாகு டப்பாவைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினாய். அவள் ஒரு துண்டைக் கடித்துவிட்டு, "ஓ, இது பத்து மிஸ், கண்டிப்பா பத்து" என்று சிரித்தாள். உன்னைச் சமாதானப்படுத்தத்தான், குழந்தை. காரில் ஏறிப் பெல்ட்கூடப் போடாமல் நீ அழுத அழுகை இருக்கிறதே, உன் அப்பா போன செய்தி வந்தபோதுகூட நீ அப்படி அழவில்லை.

மோனிக் பக்கத்திலேயே கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்தாள். ஒரு வருஷத்தில் விட்டுவிட்டாள். இப்போது ஒரு மருந்துக்கடை கவுன்டரில் நிற்கிறாள். நான் அவ்வப்போது போவேன். நன்றாகத்தான் இருக்கிறாள், சிரிக்கிறாள், உன்னைப் பற்றிப் பேசுவாள். மாத்திரைப் பையை எடுத்து, பார்க்காமலே, இடது கையால் என் கைக்குச் சரியாகப் போடுவாள். விளையாடுவதில்லையா என்று கேட்டால், "நேரம் எங்கே, மிஸ்" என்பாள். அவள் எப்படியும் விட்டிருப்பாளோ என்னவோ, நமக்குத் தெரியாது என்று உன்னிடம் எத்தனையோ தடவை சொன்னேன். "அது தெரியாமயே போச்சே ஜெசி, அதான்" என்பாய்.

அதன்பிறகு நீ ஜிம் பக்கமே வரவில்லை. பாப் வீடு தேடி வந்து கெஞ்சினார். மார்க் போடுகிற கை இல்லை இது என்று அனுப்பிவிட்டாய். உன் மகளிடம் மட்டும் மாறிப் பார்த்தாய். முன்பெல்லாம் ஏ-மைனஸ் வாங்கி வந்தால் "மைனஸ் எதுக்கு வந்துச்சு?" என்று கேட்கிறவள், ஒருநாள் ரிப்போர்ட் கார்டைப் பார்த்துவிட்டு, "குட்... நெம்ப குட்" என்று திக்கினாய். அந்தக் குட்டி பயந்துபோய், "அம்மா, ஆர் யூ ஓகே?" என்று கேட்டது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நீயும் சிரித்தாய், ரொம்ப நாளைக்குப் பிறகு.

பிறகு உன் உடம்பு. கீமோவுக்கும் நான்தான் டிரைவர். அந்தப் போக்குவரத்தில்தான் என் மார்க் திரும்பி வந்தது. வாந்திப் பையைக் கையில் பிடித்துக்கொண்டே, "பிரேக் அடிச்சது நாலுதான்" என்பாய். நாலு என்று நீ சொன்னால் எனக்கு உயிர் வரும்.

கடைசியாக ஆஸ்பத்திரியிலிருந்து உன்னைக் கூட்டிவந்த மத்தியானம். இனிமேல் வீட்டிலேயே இருக்கட்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கண்ணீர் கண்ணை மறைத்ததில் ஹைவேயிலிருந்து இறங்குகிற எக்ஸிட்டைத் தவறவிட்டேன். பின்னால் வந்தவனிடம் ஹாரன் வாங்கினேன். உன் வாசலில் வண்டியைக் கர்பில், அந்த நடைபாதை விளிம்பில், ஏற்றி இறக்கினேன். அவ்வளவு மோசமாக நான் ஓட்டியதே கிடையாது. பழக்க தோஷத்தில் கேட்டுவிட்டேன்: "எத்தனைட்டி?"

என் மணிக்கட்டைப் பிடித்தாய், டிரென்டன் ஜிம்மில் பிடித்த மாதிரி. ஆனால் பிடியில் பலம் இல்லை. "பத்து" என்றாய்.

"போடி! கர்புல ஏத்திருக்கேன், பத்தாம் பத்து!"

"முன்னாடியே எல்லாருக்கும் போட்டிருக்கணும் கண்ணு" என்றாய்.

நான் உன்னைத் திட்டிக்கொண்டேதான் இறக்கிவிட்டேன். உள்ளே வந்து உன் போர்வையை மடித்தபோதுதான் உறைத்தது. முழு மார்க் போட்டால் நிறுத்திவிடுவார்கள் என்று உன் ஹெச்.ஓ.டி. சொன்னாரே. நிறுத்தப்போவது நானில்லை, நீ.

புது காரில் உன் திண்டை உன் சீட்டிலேயே வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் மளிகைப் பையை அதன்மேல் வைத்தால் சத்தம் போடுகிறேன். நேற்று மருந்துக்கடைக்குப் போய்விட்டு வந்து, வாசலில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். உனக்கொரு விண்ணப்பம். நம் யுனிவர்சிட்டியில் ரீவேல்யூவேஷன் கேட்கிறவர்கள் எல்லாம் கூட்டிப் போடத்தான் கேட்பார்கள். நான் குறைக்கச் சொல்கிறேன். அந்தப் பத்து எனக்கு வேண்டாம், அதை மோனிக்குக்குப் போடு. எனக்கு அஞ்சரை போதும். ஆனால் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சொல்ல வேண்டும்.