இனந்தெரியாதோர் என்று அடித்தவன்

இன்று காலை அந்தத் தாய் என் மேசையில் விரித்த காகிதத்தில் பூச்சி உருண்டை மணத்தது. இத்தனை வருடமும் சீலைகளுக்கு நடுவே வைத்திருந்திருக்கிறாள். நான் தட்டச்சுச் செய்துகொடுத்த முறைப்பாடு அது. உனக்கு நினைவிருக்கும்.

"இதில ஆர்ர பேருமே இல்லையாம் எண்டு காணாமப்போனோர் விசாரணைக்காரர் சொல்றாங்க ஐயா. நான் மடிச்சு மடிச்சு வெச்சதால மை மங்கிப் போச்சாக்கும்."

"ஓம், மங்கித்தான் போயிருக்கு" என்றேன்.

அவளுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது.

அப்போது சுனாமி வந்துபோய் மூன்று மாதம் இருக்கும். பள்ளிக்கூடத்து அகதி முகாமில் நான் முறைப்பாடுகள் எழுதிக்கொண்டிருந்தேன். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளனாக இருந்து ஓய்வுபெற்ற நீ, பக்கத்து மேசையில் வெளிநாட்டாருக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாய். அவளுடைய பதினைந்து வயது மகளை அந்த முகாமிலிருந்து ஆயுதக்காரர் வேனில் ஏற்றிப் போயிருந்தார்கள். வேன் ஓட்டியவனை அவளுக்குத் தெரியும். "நம்மட ஊர்ப் பொடியன் ஐயா, என்ட கையால சோறு திண்டவன்" என்று பெயரையும் சொன்னாள். நான் தலையை ஆட்டிக்கொண்டே 'இனந்தெரியாதோர்' என்று அடித்தேன். பத்திரிகைகளில் அன்றாடம் வரும் சொல், விரல் பழக்கத்தில் அங்கே போய்விட்டது என்று நெடுங்காலம் எனக்கே சொல்லிக்கொண்டேன். அப்படியல்ல. எழுத்துக்களைத் தேடித் தேடித்தான் அடித்தேன்.

அவள் போனபின் நீ பிரதியை வாங்கிப் பார்த்தாய்.

"மனிசி சொன்ன பேர் எங்ககா?"

"எழுதினா அவளுக்கும் ஆபத்து, எனக்கும் ஆபத்து."

"இதில உனக்கு எது முதல்?"

அதற்குப் பின் ஒரு கிழமை நீ என்னோடு பேசவில்லை.

சண்டை முடிந்த வருடம், வாவிக்கரைத் தேநீர்க்கடையில், சர்வதேச நீதிமன்றங்கள் பற்றி நீ வாசித்ததை எனக்கு விளக்கினாய். ஒரு கூட்டம் செய்த குற்றத்தைக் கூட்டத்தின் தலையில் போட்டுவிட்டு யாரும் தப்ப முடியாது. ஏவியவன், துவக்கை நீட்டி மிரட்டியவன், நடக்கப்போவது தெரிந்தும் வண்டி ஓட்டியவன், ஒவ்வொருவனும் தன் பங்குக்குத் தானே பதில் சொல்ல வேண்டும்.

"அப்ப, பேரை மறைச்சு அடிச்சவன்?" என்றேன்.

"நீ அந்தக் கூட்டத்து ஆளில்ல. பயந்தவன். சட்டத்தில நீ குற்றவாளி இல்லகா."

"சட்டத்தை விட்டாப் பிறகு?"

நீ என் கோப்பையை என் பக்கம் தள்ளினாய்.

"தேத்தண்ணி ஆறுது. குடி."

அடுத்த மாரிகாலத்தில் நீ செத்துப்போனாய். அந்தப் பிள்ளை இன்றுவரை வரவில்லை. வேன் ஓட்டியவன் பிள்ளைகுட்டிகளோடு அதே ஊரில் இருக்கிறான்.

இன்று பகல் புதிய வாக்குமூலத்தை அடித்து முடித்தேன். அவன் பெயர் மூன்றாம் வரியில் இருக்கிறது. இரண்டு தரம் பிழையாக அடித்துத் திருத்தினேன். பிறகு, முதல் முறைப்பாட்டில் இந்தப் பெயர் ஏன் இல்லை என்று கேட்பார்களே என யோசித்தேன். மை மங்கிவிட்டது என்று அவள் அவர்களுக்கும் சொல்வாள். சிரிப்பார்கள், அவளைப் பொய்க்காரி என்பார்கள். ஆகவே கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: 'தாய் அன்றே பெயரைச் சொன்னார், அதை எழுதாமல் விட்டவன் நான்.' கீழே என் முழுப்பெயர்.

நாளை காலை அவள் கைநாட்டு வைக்க வருவாள். வைக்குமுன் முழுவதையும் வாசித்துக்காட்ட வேண்டும். நீ இருந்திருந்தால், உன்னை வாசிக்கச் சொல்லிவிட்டு நான் வெளியே போய் நின்றிருப்பேன். இப்போது நான்தான் வாசிக்க வேண்டும்.