சிவப்பு நூலால் ஒரு வட்டம்

1962 பிப்ரவரி 12, திங்கள்
நோன்பு தொடங்கியதும் மட்டாஞ்சேரிக்கே பெருநாள் உடுப்பு நினைப்பு வந்துவிட்டது. தையல் குவிந்து கிடக்கிறது. யாராவது 'கை இறுக்குது' என்றால் துணியின் கையைத்தான் பார்ப்பேன். உள்ளே இருக்கிற கையை நினைப்பதே இல்லை.

இன்று நினைக்க வேண்டி வந்தது. சுக்குக்கடை அப்துல் நாசரின் மனைவி சுல்ஃபத் ரவிக்கைத் துணியோடு வந்து, "குப்பாயத்த இடது பக்கம் தளர்த்தித் தைங்க அக்கா, தொட்டா நோவுது" என்றாள். டேப் வைத்தேன். விரலில் கட்டி தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவு.

மூன்று மாதமாக இருக்கிறதாம். டாக்டரிடம் நாசர்தான் 'நெஞ்சு வலி' என்று சொன்னாராம். டாக்டர் குழாய் வைத்துப் பார்த்து, இருதயம் நன்றாக இருக்கிறது என்று டானிக் கொடுத்தாராம். இருதயமும் நெஞ்சு, சோறு அடைக்கிற இடமும் நெஞ்சு, பால் கொடுத்த இடமும் நெஞ்சு! எந்த இடம் என்று அவளுக்குத் தெரியும். சொல்லத்தான் வாய் வரவில்லை.

பிப்ரவரி 14
"லேடி டாக்டரிடம் போ, அந்த இடத்தோட பேரைச் சொல்லு" என்றேன்.
"எங்க வீட்டுக்காரங்க கூடவே நிப்பாங்க அக்கா. அவுங்க முன்னால எப்படிச் சொல்லுவேன்?"

எரிச்சலாக வந்தது. நாலு பிள்ளைக்குப் பால் கொடுத்தவள்! — நான் மட்டும் என்ன யோக்கியம்? என் அளவு நோட்டிலும் 'நெஞ்சு' என்றுதானே இருக்கிறது.

பிப்ரவரி 16
குப்பாயத்தைத் தைத்துவிட்டேன். கட்டி இருக்கிற இடத்தில் சிவப்பு நூலால் சின்னதாக ஒரு வட்டம். "ஒண்ணும் பேசாதே. இதைக் காட்டினா போதும்" என்றேன்.

பிப்ரவரி 19
சுல்ஃபத்தும் நாசரும் லேடி டாக்டரைப் பார்க்க போட் ஏறி எறணாகுளம் போயிருக்கிறார்கள். இன்று ஒரு தையலும் நேராக வரவில்லை.

பிப்ரவரி 20
நாசரே வந்தார். வாசலைத் தாண்டி வரவில்லை.
"நூலைப் பாத்ததும் டாக்டரம்மா என்னை வெளிய நிக்கச் சொன்னாங்க. ஆபரேஷனாம். மூணு மாசமா நெஞ்சு நெஞ்சுன்னு சொன்னது நான்தானே அக்கா?"
அழுதார். நோன்புக்காரர், ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்க முடியவில்லை. எனக்கும் அழுகை வந்துவிட்டது.

மார்ச் 8
பெருநாள். அவள் ஆஸ்பத்திரியில். பிழைத்து வந்தால் போதும்.

மே 11, வெள்ளி
சுல்ஃபத் வந்தாள். மெலிந்திருக்கிறாள். பின்னால் குடையோடு நாசர்.

"புது அளவு எடுங்க அக்கா. இடது முலைய எடுத்தாச்சு. அந்தப் பக்கம் சுருக்கு வேண்டா" என்றாள். அவர் முன்னாலேயே, சாதாரணமாக.

"பஞ்சு வச்சுத் தைக்கலாமா?" என்று மெதுவாக அவர்தான் அவளைக் கேட்டார்.
"வேண்டா, சூடெடுக்கும்."

நோட்டில் வழக்கம்போல 'நெஞ்சு' என்று எழுதப் போய் நிறுத்தினேன். அவள் சொன்ன சொல்லையே எழுதினேன். அளவை வலது, இடது என்று தனித்தனியாகப் போட்டேன்.