அணில் கடித்த கொய்யா

மயிலாப்பூர்
செப்டம்பர் 9, செவ்வாய், இரவு

அன்புள்ள லாவண்யா,

காய்ச்சல் இறங்கியதா? தலைவலி எப்படி இருக்கிறது? நீ இல்லாமல் ஒன்பதாம் வகுப்பு பி பிரிவில் சத்தமே இல்லை. உன் பெஞ்சைக் கழுவி வராந்தாவில் வைத்துவிட்டார்கள். அது அங்கே தனியாக வெயில் காய்ந்துகொண்டிருக்கிறது.

குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப்போட்டு, அதன் மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மா இரண்டு முறை கதவைத் தட்டிவிட்டாள். "ஏண்டி, வயித்தைக் கலக்கறதா?" என்றாள். ஆமாம் என்றேன்.

அமீனா பீ ஆஸ்பத்திரியில் உன் வார்டில்தான் துப்புரவு வேலை பார்க்கிறார் என்று இன்று காலை பால் பூத்தில் தெரிந்தது. முன்பு நம் படிக்கட்டைப் பெருக்க வருவாரே, அவரேதான். நான் கேட்டதும், "உள்ள போற காயிதம் வெளிய வராது பாப்பா, அங்கியே எரிச்சிடுவாங்க. ஆனா அந்தப் புள்ள எய்தி கண்ணாடில ஒட்டிக் காமிச்சா, நான் இந்தாண்ட நின்னு பார்த்து எய்தியாந்து தர்றேன். எட்டாங்கிளாஸ் பட்சவ நானு" என்றார்.

அதனால் ஒன்று கேட்கிறேன். நான் எழுதுவதை ஒட்டிய கவரில் அனுப்புகிறேன், உன்னைத் தவிர யாரும் பார்க்க மாட்டார்கள். ஆனால் உன் பதிலை அவர்தான் எழுதுவார். அதில் கொய்யா என்ற சொல்லே வரக் கூடாது. சத்தியமாக வரக் கூடாது.

லாவண்யா, ஆகஸ்ட் முப்பது, சனிக்கிழமை. பின்பக்கம் பூட்டிக் கிடக்கும் பங்களாவின் மதில் மேல் கிடந்த கொய்யா. அணில் கடித்த பழம் யாருக்குக் கிடைத்தாலும் மற்றவளைக் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு பக்கமாகக் கடிக்க வேண்டும் என்பது மூன்றாம் வகுப்பிலிருந்து நம் சட்டம். அணில் கடித்ததுதான் இனிக்கும் என்று என் அம்மாவும் சொல்வாள், உன் அம்மாவும் சொல்வார். நான்தான் எடுத்துவந்தேன். "பல்லு பெருசா இருக்கே மது" என்று நீ கேட்டாய். "பெரிய அணில்" என்றேன். நீ சிரித்தாய்.

முந்தின நாள் சாயங்காலம் மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது அந்தக் கிளையில் வவ்வால் தொங்கியதை நான் பார்த்திருந்தேன். உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நீ தின்ன மாட்டாய், சட்டம் உடைந்துவிடும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் காரணம்.

இப்போது டிவியில் நாள் முழுக்க நிபா. வவ்வால் கடித்த பழம், எச்சில், மூளைக் காய்ச்சல். உன் ரத்தம் சோதனைக்காகப் புனேக்குப் போயிருக்கிறதாம். எனக்கு இன்று பத்தாவது நாள். இருபத்தொன்று வரை எண்ண வேண்டும் என்கிறார்கள். தெர்மாமீட்டரை எடுத்து ஜியாமெட்ரி பாக்ஸில் வைத்திருக்கிறேன்.

படித்ததும் கிழித்துவிடு.

உன்,
மது

*

செப்டம்பர் 10

மதூ,

கிழித்தாயிற்று. உன் கையெழுத்து கோழி கிளறியது போல இருந்தது. வாளி மேல் உட்கார்ந்தால் அப்படித்தான் வரும்.

இங்கே எல்லோரும் விண்வெளிக்குப் போகிறவர்கள் மாதிரி உடை போட்டு வருகிறார்கள். யார் டாக்டர், யார் நர்ஸ் என்று செருப்பைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கிறேன். அமீனா பீயை மட்டும் இருமலை வைத்தே தெரிந்துவிடும். தலை இன்னும் வலிக்கிறது. ராத்திரியில் சுவர் கிட்டே வருகிற மாதிரி இருக்கிறது. அம்மாவையும் அப்பாவையும் வீட்டைவிட்டு வெளியே வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். நீ மேலேயிருந்து அவர்களுக்குக் கை காட்டு, என் சார்பில்.

ஒரு விஷயம் எனக்குப் புரியவில்லை. டாக்டர் வந்து, "உங்க அப்பா கடையில வேலை செய்யற சைஃப் ஊர்லேர்ந்து ரம்புட்டான் பழம் கொண்டுவந்து குடுத்தாரே, எத்தனை தின்ன?" என்று கேட்டார். நான் அப்படி எதுவும் தின்னவில்லை என்றேன். காய்ச்சலில் மறந்திருப்பாய் என்கிறார். சைஃப் அண்ணன் மலப்புறத்திலிருந்து திரும்பியதும் கொடுத்தது நேந்திரங்காய் சிப்ஸ். அன்று நீயும் என்னோடு தி. நகர் கடைக்கு வந்திருந்தாயே, அரை பாக்கெட்டை நீதானே காலி செய்தாய்? யார் இப்படிச் சொல்லியிருப்பார்கள்? அப்பாவிடம் கேட்டுச் சொல்.

நீ கேட்டுக்கொண்டபடியே எழுதியிருக்கிறேன்.

லாவண்யா

இத்த எய்துனது அமீனா பீ. புள்ள இன்னிக்கு ரெண்டு இட்லி துன்னுச்சு. நேத்து ஒண்ணுதான்.

*

மயிலாப்பூர்
செப்டம்பர் 12, வெள்ளி, இரவு

அன்புள்ள லாவண்யா,

இரண்டு இட்லி என்று படித்ததும் அழுகை வந்துவிட்டது. நாளைக்கு மூன்று தின்ன வேண்டும்.

உன் அம்மா அப்பாவுக்குத் தினமும் கை காட்டுகிறேன். நம் கயிற்றுப் பையில் பாலும் கறிகாயும் வைத்துப் பால்கனியிலிருந்து இறக்குகிறேன். அம்மாவுக்குத் தெரிந்தால் அவ்வளவுதான். "அந்தாத்துப் பக்கமே எட்டிப் பார்க்கப்படாதுன்னு சொன்னேனோல்லியோ?" என்பாள். அவள் கெட்டவள் இல்லை, லாவண்யா. தம்பி அச்சுவுக்கு எட்டு மாதம்தான் ஆகிறது. அவளும் பயந்துபோயிருக்கிறாள்.

அச்சுவை நான் தூக்குவதே இல்லை. கையை நீட்டிக்கொண்டு தவழ்ந்து வருகிறான். நான் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுகிறேன். "என்னடி உனக்கு வந்தது, கூடப் பொறந்த தம்பியைப் பார்த்து ஓடிண்டு" என்று அம்மா நேற்று முதுகில் ஒன்று வைத்தாள். தட்டை நானே தனியாகக் கழுவிக்கொள்கிறேன். பரீட்சை வருவதால் பொறுப்பு வந்துவிட்டது என்று அப்பா எல்லோரிடமும் பெருமையாகச் சொல்கிறார்.

இன்று காலை 98.8. மத்தியானம் 99.1. இப்போது 98.6. ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை வைத்துப் பார்ப்பதால்தான் வாய் சூடாகிறதோ என்றும் தோன்றுகிறது.

சைஃப் அண்ணனைக் கோடம்பாக்கம் ரூமிலிருந்து ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் பெட்டியையும் பாயையும் வீட்டுக்காரர் தெருவில் வைத்துவிட்டாராம். அவர் போட்டோவை யாரோ வாட்ஸ்ஆப்பில் போட்டு, எங்கள் அப்பாவுக்கே மூன்று குரூப்பிலிருந்து வந்துவிட்டது. "இவனாலதான்" என்று கீழே எழுதியிருக்கிறது. அந்தப் போட்டோவில் அவர் உங்கள் கடைப் பொங்கலில் கரும்பு பிடித்துக்கொண்டு நிற்கிறார். நீ பாதி தெரிகிறாய்.

யார் சொன்னார்கள் என்று கேட்டாயே, எனக்குத் தெரியவில்லை. அதையெல்லாம் யோசிக்காதே. தூங்கு.

உன்,
மது

*

செப்டம்பர் 13

மதூ,

இதை அமீனா பீ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று எழுதுகிறார் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். அவர் படிக்க வேண்டும் என்றே பெரிய எழுத்தில் எழுதுகிறேன்.

நான் ஆகஸ்ட் முப்பதாம் தேதி வவ்வால் கடித்த கொய்யா தின்றேன். பின்பக்க பங்களா மரத்துக் கொய்யா. நானே எடுத்தேன். தனியாகத்தான் தின்றேன். யாரும் கூட இல்லை. சைஃப் அண்ணன் எனக்கு எந்தப் பழமும் தரவில்லை.

நேற்று ராத்திரி அவரைப் பார்த்தேன், மது. என் அறைக்கு எதிர் அறையில்தான் வைத்திருக்கிறார்கள். இரண்டு கண்ணாடிக்கு நடுவே வராந்தா. அவர் தனக்கு என்ன ஆகுமோ என்று கேட்கவில்லை. கையை நெற்றியில் வைத்து, குறைந்ததா என்று என்னைக் கேட்டார். நான் தலையாட்டினேன்.

நீ சொன்ன சொல்லை எழுதக் கூடாது என்று கேட்டிருந்தாய். எழுதிவிட்டேன்.

லாவண்யா

அமீனா பீ எய்தறேன். டாக்டரம்மாகிட்ட சொல்ட்டேன் பாப்பா. அந்தக் கடக்காரப் புள்ளய இனிமே யாரும் நோண்டாதீங்கன்னேன். உம் பேர நான் எடுக்கல. ஆனா ஒண்ணு சொல்லு கண்ணு, ஒரு கொய்யாவத் தனியாத் துன்ற புள்ளயா அது? உங்க ஊட்ல கைக்கொயந்த கீது. நாளிக்கிப் பால் பூத்தாண்ட வருவேன்.

*

மயிலாப்பூர்
செப்டம்பர் 14, ஞாயிறு, இரவு

லாவண்யா,

பால் பூத்துக்குப் போகவில்லை. அதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

விடிகிற நேரத்தில் அம்மா அச்சுவை என் பக்கத்தில் கிடத்தப் போனாள். "வேண்டாம்மா, என் கிட்ட போடாதே. அந்தக் கொய்யாவை நானும்தான் தின்னேன்" என்றேன். எந்தக் கொய்யா என்று அவளுக்கு எப்படித் தெரியும்? எல்லாம் சொன்னேன். அம்மா குழந்தையை இடுப்பில் வைத்தபடியே இரண்டு அடி பின்னால் போனாள். அவளுக்கே தெரியாமல் போய்விட்டாள். பிறகு, "அதனாலதான் ஒரு வாரமா இவனைத் தூக்காம இருந்தியா? அதுக்கா நான் உன்னை அடிச்சேன்?" என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா செருப்பைப் போட்டுக்கொண்டு, எங்கும் போகாமல் ஹாலிலேயே நின்றார்.

சுகாதாரத் துறையிலிருந்து வந்து தொண்டையில் குச்சி விட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். பால்கனி அறையில் தனியாக இருக்கச் சொன்னார்கள். இனி ஒளிந்து எழுத வேண்டியதில்லை. ஆனால் இதை மட்டும் விளக்கை அணைத்துவிட்டு, தெரு விளக்கு வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

நீ தனியாகத் தின்றதாகச் சொன்னாய். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னாய். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஏனென்றால் உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது.

ரம்புட்டான் என்று சொன்னது நான்.

நீ ஆஸ்பத்திரிக்குப் போன அன்று சுகாதாரத் துறை அக்கா வந்து, "பழம் கிழம் ஏதாச்சும் தின்னாளாம்மா, நல்லா யோசிச்சுச் சொல்லு" என்று கேட்டார். அம்மா பக்கத்தில் நின்றாள். பின்னால் டிவியில் ரம்புட்டான் காட்டிக்கொண்டிருந்தார்கள். சைஃப் அண்ணன் கொடுத்தார் என்று வாயில் வந்துவிட்டது. அந்த அக்கா எழுதிக்கொண்டார். எழுதியதும் எனக்கு நிம்மதியாக இருந்தது, லாவண்யா. அன்று ராத்திரி நான் நன்றாகத் தூங்கினேன்.

நீ கேட்டபோது தெரியாது என்று எழுதினேன். அதுவும் பொய்.

அந்த அக்காவிடம் இன்று சொல்லிவிட்டேன். ரம்புட்டானை அடித்துவிட்டு மேலே கொய்யா என்று எழுதிக்கொண்டார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

பையில் வைத்து இறக்குகிறேன். அமீனா பீ வாசலில் நிற்கிறார்.

மதுவந்தி

*

மயிலாப்பூர்
செப்டம்பர் 18, வியாழன், இரவு

அன்புள்ள லாவண்யா,

நேற்று நீ ஆட்டோவிலிருந்து இறங்கியதைப் பால்கனியிலிருந்து பார்த்தேன். மெலிந்துவிட்டாய். கை காட்டினேன். வெயில் கண்ணில் பட்டிருக்கும், நீ பார்க்கவில்லை.

திங்களன்றே அப்பா சொல்லிவிட்டார். உனக்கு நிபா இல்லை, உண்ணிக் காய்ச்சல். பங்களாப் புதரில் பூச்சி கடித்திருக்கும், கணுக்காலில் கறுப்பாக ஒரு புண் இருந்ததாம், மாத்திரைக்கு இரண்டே நாளில் கேட்டுவிட்டதாம். எனக்கும் ஒன்றும் இல்லை. டாக்டர் வெளியே வரலாம் என்றுவிட்டார். அம்மாதான் இருபத்தொன்று முடியட்டும் என்று தினம் ஒரு நாளைக் காலண்டரில் அடிக்கிறாள்.

ஆக, அந்தக் கொய்யாவில் ஒன்றுமே இல்லை. சைஃப் அண்ணனுக்கும் ஒன்றுமே இல்லை. அவர் அன்றைக்கே ஊருக்குப் போய்விட்டார், இனி வர மாட்டேன் என்று உன் அப்பாவுக்குப் போன் செய்தார் என்று அமீனா பீ சொன்னார். "அந்தப் புள்ள பொட்டியக் கூட எடுத்துக்கல பாப்பா, தெருவுல வெச்ச பொட்டி எனுக்கு எதுக்குன்னு பூட்ச்சு" என்றார்.

நேற்றிலிருந்து மூன்று முறை பையை இறக்கிவிட்டேன். முதலில் கணக்கு நோட்டு. பிறகு வரலாறு. பிறகு வெறும் சீட்டு. பை உன் ஜன்னலுக்கு நேரே நின்று ஆடுகிறது. உள்ளே நீ யாரோடோ பேசுவது கேட்கிறது. வைத்தது வைத்தபடி மேலே வருகிறது.

என்னிடம் பேச வேண்டாம். சைஃப் அண்ணன் விலாசம் மட்டும் வேண்டும். உன் அப்பாவிடம் கேட்க எனக்கு முகம் இல்லை. அவருக்கு நான் எழுத வேண்டும். என்ன எழுதுவது என்று இன்னும் தெரியவில்லை. நாலு தாளைக் கிழித்துவிட்டேன்.

இதோடு பையை இறக்குகிறேன். விடியும்வரை அங்கேயே இருக்கட்டும்.

மது

*

செப்டம்பர் 20

மதுவந்தி,

நீ கேட்டது தாளின் பின்பக்கம் இருக்கிறது. அப்பாவின் கையெழுத்து. வீட்டுப் பெயர், அஞ்சல், மலப்புறம் மாவட்டம், பின்கோடு எல்லாம் சரியாக இருக்கிறது. எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

சைஃப் அண்ணனுக்குத் தமிழ் நன்றாகப் படிக்க வரும். கடையில் பில் எல்லாம் அவர்தான் போடுவார். நேற்று நானும் ஒரு கடிதம் எழுதினேன். பழத்தைத் தின்றதும், தெரிந்தும் மூன்று நாள் சொல்லாமல் இருந்ததும் நான் செய்தவை. அதை மட்டும் எழுதினேன். ரம்புட்டானைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. அது நீ எழுத வேண்டியது.

கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டேன். மூன்றாவது கணக்கு தப்பு.

நான் பார்க்கவில்லை என்று எழுதியிருந்தாய். பார்த்தேன். கையைத் தூக்க முடியவில்லை.

இனி பையை இறக்காதே. அவருக்கு எழுதி, தபாலில் போட்ட பிறகு, படியிறங்கி வா.

ஜ. லாவண்யா